உள்ளாட்சி தவறு செய்தால் யார் கேட்பது? கட்டட அனுமதி, மன்றத் தீர்மானம், அரசின் கண்காணிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனை வாங்கியவர்கள், வீடு கட்டப் போகிறவர்கள், பக்கத்து மனையில் திடீரென்று நாலாவது மாடி எழும்புவதைப் பார்த்துத் திகைத்தவர்கள், ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தில் தங்கள் தெருவே வேறு பெயரில் இருப்பதைக் கண்டவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாம் தமிழ்நாட்டுச் சட்டங்களை வைத்துச் சொன்னவை. மனு எழுதும்போது உதவும் இடங்களில் மட்டும் சட்டப் பிரிவு எண்களைச் சேர்த்திருக்கிறேன்.

ஊராட்சியும் நகராட்சியும் நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவை. அதில் மாநில அரசு எப்படித் தலையிடுகிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 73, 74ஆவது திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய வேலைகளை இரண்டு அட்டவணைகளில் பட்டியல் போட்டார்கள். ஊராட்சிகளுக்கு 29, நகர்ப்புற அமைப்புகளுக்கு 18. நகர்ப்புறப் பட்டியலில் முதல் இனமே நகரமைப்பும் நகர்ப்புறத் திட்டமிடலும்தான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் "வழங்கலாம்" என்றுதான் திருத்தம் சொல்கிறது, "வழங்க வேண்டும்" என்று சொல்லவில்லை. அந்த "லாம்" இருக்கும் வரை சாவி கோட்டையில்தான். உள்ளாட்சி என்பதே மாநிலப் பட்டியலில் இருக்கும் ஒரு பொருள். எந்த அதிகாரத்தை எவ்வளவு தூரம் கீழே இறக்குவது என்பதை மாநிலமே முடிவு செய்கிறது.

தமிழ்நாட்டில் நிலத்தைத் திட்டமிடும் அதிகாரம் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. அது மேற்சொன்ன திருத்தங்களுக்கு இருபது ஆண்டு மூத்தது. திருத்தம் வந்த பிறகும் அதன் முதுகெலும்பு மாறவில்லை. சென்னைப் பகுதிக்குச் சிஎம்டிஏ எனப்படும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், மற்ற இடங்களுக்கு டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம். இரண்டுமே அரசின் கை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்குத் திட்டமிடலில் பேச்சு உண்டு, கடைசிக் கையெழுத்து பெரும்பாலும் கிடையாது. இது சரியா என்று என்னைக் கேட்டால், சரியில்லை என்பேன். ஆனால் மனு எழுதும்போது இருக்கிற சட்டத்தை வைத்துத்தான் எழுத முடியும்.

அப்படியானால் என் வீட்டு வரைபடத்துக்கு அனுமதி தருவது யார்?

திட்ட அனுமதி, கட்டட அனுமதி என்று இரண்டு இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல் பிறக்கிறது.

திட்ட அனுமதி என்பது இந்த இடத்தில், இந்தப் பயன்பாட்டுக்கு, இத்தனை தளம் வரலாமா என்பதற்கான பதில். அது நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருவது. கட்டட அனுமதி என்பது உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் கட்டுமானத்தைத் தொடங்கக் கிடைப்பது. சிறிய வீடுகளுக்குத் திட்ட அனுமதி தரும் அதிகாரத்தையும் உள்ளாட்சிகளிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். அதனால்தான் சாதாரண வீடு கட்டுபவர் டிடிசிபி அலுவலகத்தைப் பார்க்காமலே வேலையை முடித்துவிடுகிறார். பெரிய அடுக்குமாடி, வணிக வளாகம், மனைப்பிரிவு (லேஅவுட்) என்று வந்தால் கோப்பு மேலே போகும்.

எல்லை பற்றியும் ஒரு வார்த்தை. சென்னைப் பெருநகர்ப் பகுதி நீண்ட காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022இல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி அறிவித்தார்கள். உங்கள் கிராமம் எந்த அமைப்பின் கீழ் வருகிறது என்பதைப் பழைய பத்திரத்தையோ தரகர் சொல்வதையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சுய சான்றில் உடனே அனுமதி கிடைக்கிறதாமே, அப்புறம் என்ன கண்காணிப்பு?

2024 ஜூலை முதல் இந்த வசதி இருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமோ கொண்ட வீட்டுக்கு இணையத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டினால் அனுமதி வந்துவிடும். இடத்தைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள்.

நல்ல ஏற்பாடுதான். மேசைக்கு மேசை அலைவது மிச்சம். ஆனால் சான்று கொடுத்தது நீங்கள் என்பதால் பொறுப்பும் உங்கள் தலையில்தான். பக்க இடைவெளியைக் கூட்டிக் காட்டினாலோ, பொதுப்பாதையைச் சொந்த இடமாக வரைந்தாலோ அனுமதி ரத்தாகலாம். "ஆபீஸில்தான் பாஸ் பண்ணினார்கள்" என்று இனிமேல் சொல்ல முடியாது.

என் மனை "பஞ்சாயத்து அப்ரூவல்". அது செல்லுமா?

இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. நேரடியாகச் சொல்கிறேன்: மனைப்பிரிவுக்கு ஊராட்சித் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதிக்குச் சட்டத்தில் இடம் இல்லை. நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் வந்த பிறகுதான் உள்ளாட்சி தன் அனுமதியைத் தர முடியும். முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் வாங்கி, வயலில் கல் நட்டு, வண்ண வண்ணக் கொடி கட்டி விற்றதுதான் பஞ்சாயத்து அப்ரூவல் மனை. பல ஆண்டுகள் இது ஊருக்கு ஊர் நடந்தது. தலைவர்களும் கையெழுத்துப் போட்டார்கள், பதிவு அலுவலகங்களும் பதிந்தன, மின்வாரியம் கம்பம் நட்டது. தடுக்க வேண்டிய ஒவ்வொரு அலுவலகமும் "இது என் வேலை இல்லை" என்று பக்கத்து அலுவலகத்தைக் காட்டியது.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பொதுநல வழக்கில், அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உத்தரவிட்டது. மாநிலமெங்கும் மனைப் பதிவு சட்டென்று நின்றது. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க இருந்தவர்கள் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். பிறகு, அனுமதியில்லாத மனைகளின் பதிவைத் தடுக்கும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 வரை பிரித்து விற்கத் தொடங்கிய மனைப்பிரிவுகளுக்கு, கட்டணம் வாங்கிக்கொண்டு ஒழுங்குபடுத்தித் தர வழி செய்தார்கள்.

உங்கள் மனை அந்த அக்டோபர் 20க்கு முன்பே மனையாகப் பதிவானது என்றால் மறுபடியும் விற்கப் பதிவு செய்ய முடியும். ஆனால் வீடு கட்ட அனுமதி கேட்கும்போது வரன்முறை ஆணை கேட்பார்கள். அது முழு மனைப்பிரிவின் அமைப்புக்கு ஒப்புதல், தனி மனைக்கு ஆணை என்று இரண்டு படிகளாக வரும். நீர்நிலை, பொதுச்சாலை, பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் ஆகியவற்றில் விழும் மனைக்கு எத்தனை பணம் கட்டினாலும் வரன்முறை கிடையாது. வாங்கும் முன் கிராம வரைபடத்தில் ஓடை, வாய்க்கால், குட்டை எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது காய்ந்து கிடந்தாலும் ஆவணத்தில் அது குட்டைதான்.

பூங்காவுக்கு விட்ட இடத்தில் கட்டடம் கட்ட மன்றம் தீர்மானம் போட்டிருக்கிறது. செல்லுமா?

செல்லாது என்று துணிந்து வாதாடலாம். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதி இடத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. ஓஎஸ்ஆர் இடம் என்று சொல்வார்கள். அதை மனை போட்டவர் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்கிறார். பத்திரத்தில் பெயர் உள்ளாட்சியுடையது என்பதால் அது உள்ளாட்சியின் சொந்தச் சொத்து என்று சில மன்றங்கள் நினைத்துக்கொள்கின்றன. பொதுமக்களுக்காகப் பாதுகாத்து வைத்திருக்கும் இடம் அது, அவ்வளவுதான்.

மன்றம் மட்டும் இல்லை, முதலமைச்சரே சொன்னாலும் முடியாது என்பதற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு என்று திட்டத்தில் ஒதுக்கிய இடத்தை, முதலமைச்சரின் உத்தரவின் பேரில், ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. மருத்துவமனை நல்ல விஷயம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. முத்தப்பா வழக்கு என்று சொன்னால் எந்த வழக்கறிஞருக்கும் தெரியும்.

நடைமுறையில் முதலில் செய்ய வேண்டியது, அந்தத் தானப் பத்திரத்தின் நகலையும் அனுமதி பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தையும் வாங்கி வைத்துக்கொள்வது. அவை இரண்டும் இல்லாமல் எழுதும் மனுவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சட்டத்துக்கு மாறான தீர்மானத்தை யார் ரத்து செய்வது?

கிராம ஊராட்சி என்றால் மாவட்ட ஆட்சியர். 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தில் அவருக்கு "ஊராட்சிகளின் ஆய்வாளர்" என்று இன்னொரு தொப்பி உண்டு. மனுவில் இந்த இரண்டு பதவியையும் சேர்த்து எழுதுங்கள். சட்டத்தை மீறிய தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் அதிகாரம் இருக்கிறது.

நகரங்களில் ஆணையரே அரசு நியமித்த அதிகாரி. மன்றம் தீர்மானம் போடும், அதை நிறைவேற்றுவது ஆணையர். தீர்மானம் சட்டத்துக்கு மாறானது என்று அவருக்குத் தோன்றினால் அரசுக்கு எழுதலாம். 1919, 1920ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்களுக்குப் பதிலாக நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998, அதற்கான விதிகளோடு, 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. 25 ஆண்டு தாமதம். பழைய சட்டத்தின் பிரிவு எண்ணைப் போட்டு மனு கொடுத்தால் "அந்தச் சட்டமே இப்போது இல்லை" என்று அதை ஓரம் வைத்துவிடுவார்கள்.

ஊராட்சித் தலைவரை ஆட்சியர் நீக்க முடியுமா?

முடியும், ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு. ஆட்சியர் தாமாகவோ, ஊராட்சி உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுவின் மேலோ நடவடிக்கை தொடங்கலாம். முதலில் தலைவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் திருப்தி தராவிட்டால் வட்டாட்சியர் ஊராட்சிக் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்வார். அதன் பிறகே முடிவு.

இதில் ஒரு படி தப்பினாலும் உத்தரவு நீதிமன்றத்தில் நிற்காது. மக்கள் தேர்ந்தெடுத்தவரை அதிகாரி நீக்குவது சாதாரண விஷயம் இல்லை என்பதால் நீதிபதிகள் நடைமுறையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். அதனால் ஆட்சியர்கள் பெரும்பாலும் முதலில் காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைத் தலைவரிடமிருந்து எடுத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுக்கிறார்கள். செய்தித்தாளில் "அதிகாரம் பறிப்பு" என்று வருவது இதுதான். பதவி அப்படியே இருக்கும், பணம் மட்டும் நகராது.

எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. தாழ்த்தப்பட்ட சமூகத்துக்கோ பெண்களுக்கோ ஒதுக்கிய ஊராட்சியில், துணைத்தலைவரும் உறுப்பினர்களும் சேர்ந்து தலைவர் மேல் புகார் எழுதும்போது, அது உண்மையான முறைகேடா, ஊர்ப் பெரியவர்களின் பழைய கோபமா என்று தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. கண்காணிப்பு என்ற கத்தி யார் கையில் இருந்தாலும் வெட்டும்.

எங்கள் ஊரில் தலைவரே இல்லை, தனி அலுவலர்தான். அவரை யார் கேட்பது?

மேலதிகாரிதான். அதில்தான் கோளாறு. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசமைப்பின் கட்டளை. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. ஆனாலும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மீதி ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர். நகர்ப்புறத்தில் 2022 பிப்ரவரி. சில இடங்களில் ஐந்து ஆண்டுக்கும் மேல் அதிகாரிகள் ஆட்சி. 2019இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

இந்தக் காலத்தில் மன்றத்தின் வேலையைத் தனி அலுவலரே செய்வார். தீர்மானமும் அவரே, நிறைவேற்றுவதும் அவரே, அவரைக் கண்காணிப்பதும் அவருடைய துறையே. இப்படிப்பட்ட காலத்தில் மனைப்பிரிவு அனுமதி, கடை ஏலம் போன்ற முடிவுகளின் நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி வைப்பது மிகவும் பயன்படும்.

கிராம சபைத் தீர்மானத்தால் ஒரு மனைப்பிரிவையோ ஆலையையோ தடுக்க முடியுமா?

தீர்மானம் மட்டுமே தடுத்துவிடாது. நிலப் பயன்பாட்டை மாற்றும் அதிகாரம் கிராம சபையிடம் இல்லை. ஆனால் நாள் குறித்து, கையெழுத்தோடு, ஆட்சேபணை பதிவாகியிருந்தால் பின்னால் நீதிமன்றத்தில் அது பேசும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். தீர்மானம் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டுதான் எழுந்து வர வேண்டும்.

கணக்கை யார் பார்க்கிறார்கள்?

நிதித் துறையின் கீழ் இருக்கும் உள்ளாட்சி நிதித் தணிக்கை. நஷ்டம் ஏற்படுத்தியவரிடமிருந்து பணத்தைத் திரும்ப வசூலிக்கத் தண்டத்தீர்வை என்ற ஏற்பாடு உண்டு. தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையாளரின் ஆட்சேபணை, எழுதப்பட்டால், பதில் வரும் வரை அது கோப்பில் கிடக்கும். கிடக்கும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் ஊராட்சியின் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்கலாம், அது ரகசியம் இல்லை.

பக்கத்துக் கட்டடம் வரைபடத்தை மீறிக் கட்டப்படுகிறது. எங்கே தொடங்குவது?

கட்டும்போதே தொடங்குங்கள். பூசி, வெள்ளையடித்து, குடி வந்த பிறகு இடிப்பது எல்லோருக்கும் கஷ்டம், அதிகாரிகளுக்கும் அந்தச் சாக்கு வசதி.

அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கட்டும் இடத்தில் வரைபடத்தைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதனால் முதலில் அங்கேயே போய்ப் பாருங்கள். வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தளவாரியாக, இடைவெளிவாரியாக எழுதி, படத்தோடு, அனுமதி தந்த அலுவலகத்துக்கு ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆவது பிரிவுகளில் வேலையை நிறுத்தவும் பூட்டி சீல் வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. "நடவடிக்கை எடுக்கவும்" என்று பொதுவாக எழுதாமல் இந்தப் பிரிவுகளைச் சொல்லிக் கேளுங்கள்.

சீல் வைத்ததும் கட்டியவர் அதே சட்டத்தின் 80-ஏ பிரிவின்படி அரசிடம் மேல்முறையீடு போவார். சரியான காரணம் உள்ளவருக்கு அது நியாயமான கதவு. பல மீறல்களுக்கு அது நிழலான வண்டி நிறுத்துமிடம். மேல்முறையீடு கோட்டையில் இருக்கிறது, அதனால் கீழே ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வரும். அப்போது மேல்முறையீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, அதைக் குறித்த காலத்துக்குள் முடிக்க உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் பேராணை (ரிட்) மனு போடுவதுதான் வழி.

இடிப்பதாக எனக்கே நோட்டீஸ் வந்தால்?

பதற வேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், முன்கூட்டியே காரணத்தோடு நோட்டீஸ் தந்து குறைந்தது 15 நாள் அவகாசம் விட வேண்டும், நேரில் விளக்கம் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

கடைசியில் பணம் கட்டினால் வரன்முறை செய்துவிடுகிறார்களே, சட்டத்தை மதித்தவன் ஏமாளியா?

கோபம் நியாயமானது. 1999 பிப்ரவரி வரை கட்டிய மீறல்களுக்கு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஏ பிரிவில் ஒரு முறை சலுகை என்றார்கள். பிறகு 2000, 2001, 2002 என்று தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் முதல் சலுகையை ஒரே முறை என்ற அளவில் ஏற்றுக்கொண்டு, பின்னால் வந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. அதோடு முடியவில்லை. 2007 ஜூலை 1க்கு முந்தைய கட்டடங்களுக்காக 113-சி பிரிவு வந்தது. மனைகளுக்கான 2017 விதிகளை மேலே பார்த்தோம்.

கண்காணிக்க வேண்டிய அரசே சில ஆண்டுக்கு ஒரு முறை மன்னிப்பு வாசலைத் திறந்தால், கீழே இருக்கும் பொறியாளர் எந்தத் துணிச்சலில் சீல் வைப்பார்? மீறுகிறவர் அடுத்த சலுகைக்குக் காத்திருப்பார், அவ்வளவுதான். உள்ளாட்சியின் ஊழலைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியையாவது இதைப் பற்றிப் பேசச் செலவிடலாம்.

அனுமதி முறையாக இருந்தால் கட்டடம் பாதுகாப்பானது என்று நம்பலாமா?

2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்குத் திட்ட அனுமதி இருந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இடைவெளி, உயரம், தளப்பரப்பு இவற்றையே திட்ட அனுமதி முக்கியமாகப் பார்க்கிறது. தூண் தாங்குமா, மண் தாங்குமா என்பது கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்தில் இருக்கிறது. அடுக்குமாடியில் வீடு வாங்கும்போது மண் பரிசோதனை அறிக்கையும் கட்டமைப்பு வரைபடமும் பணி நிறைவுச் சான்றும் கேளுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் இன்னும் அழுத்திக் கேளுங்கள்.

லஞ்சம், வேண்டுமென்றே இழுத்தடிப்பு என்றால் யாரிடம் போவது?

லஞ்சம் கேட்டால் ஊழல் தடுப்புப் பிரிவு. உள்ளாட்சி ஊழியர், மன்ற உறுப்பினர், தலைவர் ஆகியோரின் முறைகேடு என்றால் சென்னையில் இருக்கும் உள்ளாட்சி முறைமன்ற நடுவர். 2014ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் வந்த இந்த அமைப்பைப் பற்றி நிறைய பேருக்குத் தெரியாது. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம், ஆனால் அது பெரும்பாலும் நீங்கள் யார் மேல் புகார் சொன்னீர்களோ அவர் மேசைக்கே "தக்க நடவடிக்கைக்காக" திரும்பி வரும். அந்தக் கடிதத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, 30 நாள் கழித்து அதே எண்ணைப் போட்டு என்ன ஆயிற்று என்று தகவல் உரிமையில் கேளுங்கள்.